திரைத்துறைப் பெண்களின் தொழில்வழிப் பெயர்கள்

1971ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிராப்தம்' என்னும் தமிழ்ப்படத்தில் சிவாஜி கணேசன் கதாநாயகனாக நடித்தார். அப்படத்தை இயக்கியவர் அதில் அவருடன் நடித்த சாவித்திரி. தமிழுலகம் முன்னவரை 'நடிகர் திலகம்' என்றும் பின்னவரை 'நடிகையர் திலகம்' என்றும் வழங்கி வருகிறது. இவ்விரு பட்டங்களும் இணை போலத் தோன்றினும் இலக்கண நோக்கில் இணையல்ல. 'நடிகர்' என்பது பலர்பாற் சொல்; ஆணையும் பெண்ணையும் ஒருங்கே சுட்ட வல்லது. 'நடிகையர்' பெண்களை மட்டுமே சுட்டும். சொல்லளவில் பார்த்தால், ஒருவர் நடிப்போர் அனைவருக்கும் திலகம். மற்றவர் நடிக்கும் பெண்களுக்கு மட்டுமே திலகம். நடிகர் திலகத்தையே இயக்கியவர் என்னும் செய்திக்கோ பட்டத்தில் இடமில்லை. 1968இல் தெலுங்கில் 'சின்னாரி பாபலு', 1969இல் தமிழில் 'குழந்தை உள்ளம்' ஆகிய படங்களையும் சாவித்திரி இயக்கியிருந்தார். 2018இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் தெலுங்குப் படமான 'மகாநடி' தமிழுக்கு வந்தபோது அதற்கு 'நடிகையர் திலகம்' என்றே பெயரிட்டனர். மொழிபெயர்ப்பாளர் மக்கள் வழக்கைப் பின்பற்றியதில் தவறில்லை. ஆயினும் 'பெரும் நடிகை' என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல் ஒப்பீட்டுக்கு இடம்தராமல் நிற்க, தமிழ்ப் பெயர் அவரைப் பெண்களின் வரிசைக்குள் வைத்து அளக்கிறது என்பது நோக்கத்தக்கது.

திரைத்துறையில் பெண்கள் பெற்ற பதவிகளுக்குத் தமிழ் வழங்கிய பெயர்களை மொழியியல் நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ('தொழிற்பெயர்' என்பது இலக்கணத்தில் வேறு பொருளுடைய கலைச்சொல்லாதலின் 'தொழில்வழிப் பெயர்' என்று இங்கு வழங்குகிறேன்.)

இப்பெயர்கள் இருவகையின. நடிகர்–நடிகை, பாடகர்–பாடகி, கதாநாயகன்–கதாநாயகி எனப் பால் காட்டி இணையாக நிற்பவை ஒருவகை. இயக்குநர், தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் எனப் பால் காட்டாது நிற்பவை மற்றொரு வகை. இப்பகுப்பு தற்செயலானதன்று. பெண்கள் தொடக்கம் முதல் இருந்த தொழில்களுக்குப் பெண்பாற் பெயர் உண்டு. சங்க காலத்திலேயே பாணனுக்குப் பாடினியும் கூத்தருக்கு விறலியும் இருந்தமை போன்றதே இது. எனவே பெண்பாற் பெயர் தன்னளவில் இழிவுடையதன்று. அத்தொழிலில் பெண் இருந்தாள் என்பதற்கு அது சான்று. இரண்டாம் வகைச் சொற்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் கலைச்சொல்லாக்கத்தில் பிறந்தவை. அவற்றின் -நர், -ஆளர் ஈறுகள் உயர்திணையில் பலரையும், மதிப்புக் கருதி ஒருவரையும் குறிக்கும். ஒருவரைப் பன்மையாற் கூறுவதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வழக்கு பற்றி வந்த உயர்சொல்லாகவே ஏற்கிறது. இலக்கண நெறியாகக் கொள்ளவில்லை. அவ்வழக்கு இன்று எழுத்துத் தமிழின் நெறியாகவே ஆகிவிட்டது. ('இயக்குனர்' என்று எழுதுவோர் பெருகிவிட்டனர். பொருநர், பெறுநர் என்பவற்றோடு ஒப்பிட்டால் -நர் ஈறே இயல்பு என்பது விளங்கும்.)

ஆகவே, ஒரு பெண் படம் இயக்க வந்தபோது தமிழ் புதிய சொல் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி 1936இல் தம் நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கி இயக்கினார். பானுமதி 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளில் இயக்கினார். 'இயக்குநர்' என்னும் சொல் இவ்விருவருக்கும் மாற்றமின்றிப் பொருந்தும். இலக்கணம் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆனால் வழக்கு அவர்களை அச்சொல்லால் அழைக்கவில்லை. ராஜலட்சுமி 'சினிமா ராணி' ஆனார். பானுமதிக்கு 'அஷ்டாவதானி' என்னும் அடைமொழி கிடைத்தது. பால் காட்டாத அச்சொல் அவருடைய பன்முக ஆற்றலைக் கூறுவது உண்மையே. ஆனால் நடிப்பு, பாட்டு, எழுத்து, இயக்கம், படநிறுவன நிருவாகம் ஆகியவற்றை ஒருவர் தனித்தனித் தொழில்களாகக் கற்றுச் செய்தார் என்பதை மறைத்து, அவையனைத்தையும் ஒரு வியப்பாக்கி விடுகிறது. வியப்புக்குரியவரைப் பின்பற்றி யாரும் தொழிலுக்கு வர இயலாது.

பட்டங்களைப் பற்றிப் பேசும்போது தேசிய விருதுகளையும் கருத வேண்டும். 1968இல் தனிநபர் நடிப்புக்கென ஏற்படுத்தப்பட்ட விருதுகளுள் ஆணுக்குரியது 'பரத்' எனவும் பெண்ணுக்குரியது 'ஊர்வசி' எனவும் பெயர் பெற்றன. முன்னதை நாட்டிய நூல் செய்த முனிவர் பெயராகக் கொள்வோரும் உண்டு. நாட்டின் பெயராகக் கொள்வோரும் உண்டு. எவ்வாறு கொண்டாலும், இணையாக நிற்பது இந்திர சபையில் ஆடும் அரம்பையின் பெயர். 1975இல் இப்பெயர்கள் நீங்கின. மக்கள் நாவில் நீங்கவில்லை. 'துலாபாரம்' மலையாளப் படத்திற்காக அவ்விருதைப் பெற்ற சாரதா இன்றும் 'ஊர்வசி சாரதா'வே. மலையாளத் திரைத்துறையில் பெண்களின் பணிநிலையை ஆராய்ந்து 2019இல் அறிக்கை அளித்த நீதிபதி ஹேமா குழுவின் மூன்று உறுப்பினருள் ஒருவர் அவர் என்பதை அறியும்போது அப்பெயரின் பொருத்தமின்மை இன்னும் புலனாகும்.

இனி, 'பெண் இயக்குநர்' என்னும் தொடர். பால் காட்டாத சொல்லின் முன் 'பெண்' என்னும் அடை வருவது, அச்சொல் வழக்கில் ஆண்பாலாகிவிட்டது என்பதற்குச் சான்று. 'ஆண் இயக்குநர்' என்று யாரும் எழுதுவதில்லை. 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி. ஆர். விஜயலட்சுமியை 'முதல் பெண் ஒளிப்பதிவாளர்' என்பதில் அடைமொழி ஒரு செய்தியைச் சொல்கிறது. அங்கு அது வேண்டும். ஆனால் 'சூரரைப் போற்று' (2020) சிறந்த கதைப்படம் உட்பட ஐந்து தேசிய விருதுகள் பெற்ற பின்னும் அதன் இயக்குநர் சுதா கொங்கராவைப் 'பெண் இயக்குநர்' என்று எழுதினால் அது புதிதாக எதைச் சொல்கிறது? பெயரே பாலைக் காட்டி நிற்கிறது. 'கவிஞர்' என்னும் பொதுச்சொல் இருக்கக் 'கவிதாயினி' படைத்துக்கொண்டதும் இத்தகையதே. பாராட்டும் நோக்கில் தோன்றிய இச்சொற்கள் பொதுச்சொல்லைப் பெண்களிடமிருந்து பறிக்கின்றன என்பதே என் கருத்து.

சொல்லாராய்ச்சிதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. மும்பைத் திரைத்துறையின் ஆடை, ஒப்பனை, சிகையலங்காரக் கலைஞர் சங்கம் பெண்களைச் சிகையலங்காரம் செய்வோராக மட்டுமே பதிவு செய்தது. ஒப்பனை செய்வோர் என்னும் அட்டை ஆண்களுக்கே உரியதாயிருந்தது. அட்டையின்றிப் படப்பிடிப்பில் வேலை செய்ய முடியாது. பயிற்சி பெற்ற பெண்கள் தொடுத்த சாரு குரானா வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்நடைமுறை சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இங்குத் தொழில்வழிப் பெயர் ஒரு பெண்ணின் பிழைப்பையே தீர்மானித்தது. இச்செய்தியைத் தமிழில் எழுதும்போது ஓர் இடர் நேர்கிறது. ஆங்கிலத்தில் அவை இருவேறு தொழில்கள். தமிழில் 'ஒப்பனை' என்பது முகத்தையும் கூந்தலையும் சேர்த்தே குறிக்கும். 'ஒப்பனைக் கலைஞர்', 'சிகை ஒப்பனையாளர்' என்று மொழிபெயர்த்தால் பின்னது முன்னதன் உட்பிரிவு போலாகி, வழக்கின் பொருளே மறைந்துவிடும். 'முக ஒப்பனை' எனப் பிரித்து எழுதுவதே தக்கது.

நம் படப்பிடிப்புத் தளங்களின் பேச்சு வழக்கு வேறொன்றைக் காட்டுகிறது. கேமராமேன், மேக்கப்மேன், லைட்மேன், புரொடக்‌ஷன் பாய் ஆகிய கடன்சொற்கள் அனைத்தும் ஆணைத் தம்முள் கொண்டவை. அவற்றுக்கு ஈடாகப் படைத்த ஒளிப்பதிவாளர், ஒப்பனையாளர் ஆகியவை அவ்வாறல்ல. தூய தமிழ்க் கலைச்சொற்களைச் செயற்கையானவை என்று நகைப்போர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும். அவற்றைப் படைத்தவர்கள் பெண்களை மனத்திற் கொண்டிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஈற்றின் இயல்பு அதனைத் தானே செய்தது.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்குதான் மிகுதி. 'இயக்குநர் தம் முதல் படத்திற்குப் பணம் தேடி அலைந்தார்' என்னும் தமிழ் வாக்கியத்தில் எழுவாய், 'தம்', வினைமுற்று ஆகிய மூன்றுமே பால் காட்டவில்லை. ஆங்கிலத்திற்குக் கொண்டு செல்வோர் பெரும்பாலும் எண்ணிப் பாராமலே 'தம்' என்பதற்கு ஆண்பாற் சொல்லை இடுகின்றனர். இந்தியில் 'அப்னா' கைகொடுக்கும். 'நே' உருபு ஏற்ற வாக்கியங்களில் வினை செயப்படுபொருளோடு இயைவதால் அங்கும் தப்பலாம். ஏனைய இடங்களில் வினையே பாலைக் காட்டிவிடும். எதிர்த்திசையில் இழப்பு வேறு வகையது. தெலுங்கு 'ஆயன', 'ஆவிட' என மதிப்புக் குறையாமலே ஆண், பெண் வேறுபடுத்தும். மலையாளம் ஆணுக்கு 'அத்தேஹம்', பெண்ணுக்கு 'அவர்' என்னும். இவையனைத்தும் தமிழில் 'அவர்' என்று ஒன்றாகிவிடுகின்றன. சாவித்திரி, பானுமதி ஆகியோரைப் பற்றிய தெலுங்கு நூல்களைப் பெயர்க்கும்போது, இயக்கியவர் யார், கணவர் யார், தயாரித்தவர் யார் என்பது 'அவர்' என்னும் ஒற்றைச் சொல்லில் கலங்கிப் போகும். படத்தளத்தில் முடிவெடுத்தவள் ஒரு பெண் என்பது பெரும்பாலும் இக்கலக்கத்தில்தான் தொலைகிறது. இவ்விடங்களில் 'பெண்' என்னும் அடையைச் சேர்ப்பதினும் இயற்பெயரையே மீண்டும் எழுதுவது நன்று. நடை சற்றுத் தடைப்படும்; தடைப்படட்டும்.

திரைப்பட வரலாற்று நூல்களின் பெயரடைவுகளிலும் இதே கவனம் வேண்டும். ராஜலட்சுமியை 'நடிகை' என்னும் தலைப்பின்கீழ் மட்டும் வைக்கும் அடைவில், இயக்குநர்களைத் தேடிச் செல்லும் வாசகர் அவரைக் காணவே மாட்டார். 'நடிகை' என்று தொடங்கி 'இயக்குநரும் ஆவார்' என்று முடியும் குறிப்பில் அந்த 'உம்' இயக்குநர் பணியைப் பின்னிணைப்பாக்குகிறது. 'இயக்குநர், எழுத்தாளர், நடிகர்' என்று எழுதிப் பார்க்கலாம். தென்னிந்திய நடிகர் சங்கத்தின் பெயரில் நடிகையரும் அடங்குவர் என்பதில் நமக்கு ஐயமில்லையே.