அயல்மொழியில் கற்பிப்போருக்கு எது துணை?

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தின் வாயிலாகப் பட்டப்படிப்புகளை நடத்தத் தொடங்கியபோது, மாணாக்கரின் மொழித்திறன் பற்றியே பெரிதும் பேசப்பட்டது. வகுப்பின் முன் நிற்கும் ஆசிரியரின் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அவ்வாறு எண்ணிய டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முயற்சியை ஈண்டுத் திறனாய்வு செய்ய விழைகிறோம். ஆங்கிலத்தில் கற்பிக்கும் கடமை நம் வாசகருள்ளும் பலர்மேல் இருத்தலின், இஃது அயலார் செய்தியாக மட்டும் நின்றுவிடாது.

அப்பல்கலைக்கழகம் 2008-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு மையத்தை நிறுவியது. அம்மையம் விரிவுரையாளரின் பேச்சாங்கிலத்தை ஆராயும் 'டோபாஸ்' என்னும் தேர்வை வகுத்தது. ஆசிரியர் தம் பாடத்திலிருந்தே ஏறத்தாழ 20 நிமிடச் சிறு விரிவுரை ஒன்றை ஆற்றுவார். உடனிருப்போர் மாணாக்கரைப்போல் வினவுவர். அனைத்தும் ஒளிப்பதிவு செய்யப்பட்டு, எழுத்து வடிவிலான மதிப்புரையோடு அவரிடமே அளிக்கப்படும். இதன் நன்மையைக் குறைத்துரைக்க மாட்டோம். வேதியியலாரிடம் இலக்கண வினாத்தாளை நீட்டாமல், அவர் அன்றாடம் ஆற்றும் பணியைக் கொண்டே அவரை ஆராய்கிறது. முதிர்ந்த பேராசிரியரைப் பள்ளிப்பிள்ளையாக்கும் சிறுமை இதில் இல்லை.

ஆயின், இத்தேர்வில் தேறியவர்க்கு அதன்பின் துணை வேண்டுவதில்லை என்று எவரேனும் கருதின், அஃது ஏற்புடையதன்று. தோகர்சன், ஏரி என்னும் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. அனுபவம் மிக்க டேனிய விரிவுரையாளர் ஒருவர் ஒரே பாடப்பொருளை டேனிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நடத்தியதை அவர்கள் ஒப்பிட்டனர். ஆங்கிலத்தில் அவருக்கு 22 விழுக்காடு கூடுதல் நேரம் தேவைப்பட்டது. பேச்சின் வேகம் 23 விழுக்காடு குறைந்தது. அதனினும் கருத வேண்டியது, தாய்மொழியில் உரையாடுவதுபோல் இயல்பாக விளக்கியவர், ஆங்கிலத்தில் பாடநூலைப்போல் பேசினார் என்பதாகும். ஒருவரைக் கொண்டு எல்லாரையும் அளத்தலாகாது என்பது மெய்யே. எனினும் இரண்டாம் மொழியில் கற்பித்த எவரும் இதில் தம்மைக் காண்பர்.

இக்கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போம். தாய்மொழியில் 45 நிமிடத்தில் முடியும் பாடம் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 55 நிமிடம் கொள்ளும். மணியோ உரிய நேரத்தில் அடித்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை ஆசிரியர் எதிலிருந்து வெட்டுவார்? வரையறைகளையும் சூத்திரங்களையும் வெட்ட இயலாது. அவை தேர்வுக்கு வேண்டுவன. வெட்டுண்பவை எடுத்துக்காட்டும், இடையில் எழும் வினாவுக்கான விடையும், பொருளை நெஞ்சில் ஒட்டவைக்கும் சிறு நகைச்சுவையுமே. மாணாக்கர் பக்கமும் இதற்கேற்பவே அமைகிறது. ஸ்வீடன் நாட்டு இயற்பியல் மாணாக்கரிடையே ஏரியும் லிண்டரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வகுப்புகளில் அவர்கள் வினவுதலும் விடையளித்தலும் குறைந்திருந்தமை புலப்பட்டது. ஆசிரியர் நூலாகிறார், மாணாக்கர் எழுத்தராகின்றனர்.

இக்குறைக்கு நாவின் பயிற்சி மட்டும் மருந்தாகாது. பாடத்திட்டத்தின் பளுவைக் குறைத்தல், ஆங்கிலத்தில் புதிதாகக் கற்பிப்பவருக்கு முதலாண்டில் வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், உடன் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து கேட்டுப் பின் கலந்துரையாடுதல், வினாவிடை நேரத்திலேனும் தாய்மொழிக்கு இடந்தருதல் ஆகியவை வேண்டும். இவற்றுக்குச் செலவு உண்டு. சான்றிதழ் வழங்குதல் மலிவானது. நிர்வாகங்கள் எதனை நாடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

துணையே கருதாது ஆணையிட்டால் நேர்வதற்கு இத்தாலி சான்று. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், முதுகலை, முனைவர் படிப்புகள் யாவும் 2014 முதல் ஆங்கிலத்திலேயே நடைபெறும் என 2012-இல் முடிவு செய்தது. ஆசிரியர் பலர் நீதிமன்றம் சென்றனர். அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் அளித்த தீர்ப்பில், தனிப்பட்ட சில பாடங்களை அயல்மொழியில் நடத்தத் தடையில்லை, பட்டப்படிப்பு முழுவதையும் அயல்மொழியில் மட்டுமே நடத்தலாகாது என்றது. நியமனத்தின்போது ஆராயப்பட்ட தகுதிக்குத் தொடர்பற்ற மொழித்திறனைக் கொண்டு பாடங்களைப் பங்கிடுவது ஆசிரியருள் வேற்றுமை காட்டுவதாகும் என்னும் அதன் கருத்து, சட்டத்தினும் அறத்தின் வழியே வலிமை மிக்கது என்போம்.

செராம்பூர் செனட்டோடு இணைந்த நம் கல்லூரிகள் பலவற்றில் பி.டி. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. எபிரேயச் சொல் ஒன்றன் பொருளை ஆங்கிலத்தில் விளக்கும் ஆசிரியரும், அதைக் குறித்துக்கொள்ளும் மாணாக்கரும் ஞாயிறுதோறும் தமிழிலேயே பிரசங்கிப்பவர்கள். அச்சொல் சிற்றூர்ச் சபையின் காதில் எவ்வாறு விழும் என்று வகுப்பிலேயே பேசிப் பார்ப்பதற்கு உரிய நேரந்தான் முதலில் வெட்டப்படுகிறது. அடுத்த காலஅட்டவணையை வகுக்குமுன், அப்பத்து நிமிடத்தை எப்பகுதியைக் குறைத்து மீட்பது என்பதைக் கல்விக்குழுக்கள் ஆசிரியரோடு அமர்ந்து முடிவு செய்யட்டும்.