130 டாலர் கணக்கு

நைல் நதிப் படுகையின் உழவர்களைப் பில்கார்சியா என்னும் ஒட்டுண்ணிப் புழு நோய் வாட்டிவந்தது. அதை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை எகிப்து அரசு ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. சரியாகக் கொதிக்க வைக்காத கண்ணாடி சிரிஞ்சுகள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியை ஆளுக்கு ஆள் கடத்தின. 2008 கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரின் ரத்தத்தில் அதன் தடயம் இருந்தது. ஆக, அரசு பின்னாளில் சுமந்த செலவில் பாவக்கடனும் கொஞ்சம் உண்டு.

ஹெபடைடிஸ் சியைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் மருந்து 2013 இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000. மறு ஆண்டே எகிப்து அதே 12 வார மருந்தை 900 டாலருக்குப் பேசி முடித்தது. இத்தனை நோயாளிகள் இருந்ததுதான் பேரத்தில் அதன் பலம். உள்நாட்டு நிறுவனங்களும் தயாரிக்கத் தொடங்க, விலை இன்னும் இறங்கியது.

விலையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் 2016வாக்கில் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியல் காலியானது, நோய் தீர்ந்ததால் அல்ல. தனக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் தீர்ந்துபோனதால். அறியாதவர்களை மலிவு மருந்து எப்படி எட்டும்? 2018இல் தொடங்கிய பத்துக் கோடி மக்கள் நலத் திட்டம் அவர்களைத் தேடிப் போனது. ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குச் சோதனை. கிருமியுள்ள ஒருவரைக் கண்டுபிடித்துக் குணமாக்க ஆன செலவு சுமார் 130 டாலர். உண்மையான சாதனை இதுதான் என்பேன்.

அந்த 130 டாலர், கிருமி போனதோடு நின்றுவிடும் கணக்கு. கல்லீரல் சுருங்கிப்போன பிறகு மருந்து சாப்பிட்டவருக்குக் கிருமி போனாலும் புற்றுநோய் அபாயம் போவதில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன், ஆயுள் முழுக்க. வயிற்றில் நீர் கோத்தால் அதை எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்தால் எண்டோஸ்கோபி. இவையெல்லாம் மருந்து விலையோடு சேர்ந்து குறையவில்லை. சீக்கிரமே கண்டுபிடித்தால் இச்செலவே வராது என்பது திட்டத்துக்கு ஆதரவான வலுவான வாதம்தான். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட தலைமுறைக்கு அது காலம் கடந்த வாதம்.

கல்லீரல் மாற்று அறுவைக்கு எகிப்தில் இறந்தவரின் உறுப்பு அநேகமாகக் கிடைப்பதில்லை. உயிரோடிருக்கும் உறவினர்தான் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தர வேண்டும். தந்தைக்கு மகன் கொடுத்தால், ஒரே வீட்டில் இருவரும் ஒரே சமயத்தில் படுக்கையில். நின்றுபோன அந்த இரட்டைக் கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது?