குடிமையும் குடியுரிமையும்

திருக்குறளின் 96ஆம் அதிகாரத்திற்குக் குடிமை என்று பெயர். உயர்ந்த குடியிற் பிறந்தாரது தன்மை என்பதே பரிமேலழகர் முதலிய உரையாசிரியர் அச்சொல்லுக்குக் கண்ட பொருள். இன்றைய அரசியல் நூல்களும் பள்ளிப் பாடங்களும் அதே சொல்லை ஒரு நாட்டின் குடிமகனாய் இருக்கும் நிலைக்கு வழங்குகின்றன. முன்னது பிறப்பால் வாய்ப்பது. பின்னது சட்டத்தால் வாய்ப்பது. இவ்விரு பொருளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டு. அது இலங்கையின் மலையகம். அந்த மோதலிலிருந்து பிறந்த புனைகதைகளை நம் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் அவலக் கதைகளாகவே படித்து, இரங்கி, மூடி வைத்துவிட்டார்கள். அவற்றை வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

ஸ்ரீராம்புரத்துத் தமிழருக்கு இப்பொருள் ஏன் என்று சிலர் வினவக்கூடும். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சாலை வேலைக்கும் பட்டறை வேலைக்குமாக நம் முன்னோர் இந்நகருக்கு வந்தனர். ஊர் மாறினர், ஆட்சிமொழி மாறிய நிலத்தில் குடியேறினர். ஆயினும் எந்த அலுவலகத்தின் முன்னும் நின்று 'என்னைக் குடிமகனாய் ஏற்றுக்கொள்க' என்று விண்ணப்பிக்க நேரவில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் நிலைகொள்ளவும் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு உரிமை தருகிறது. (மெஜஸ்டிக்கை அடுத்திருந்த மினர்வா மில்லின் பெயர்தான், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்கலாகாது என வலியுறுத்திய 1980ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வாய்த்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.) ஆயினும் தாளில் உள்ள உரிமையும் தெருவில் உள்ள ஏற்பும் ஒன்றல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் இந்நகரில் நிகழ்ந்தவை அதைக் காட்டின. அல்சூரில் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது அவ்விரண்டும் சற்றே நெருங்கின. இந்த இடைவெளியை உணர்ந்த வாசகருக்கே மலையகக் கதைகள் முழுமையாகப் பொருள்படும் என்று நான் கருதுகிறேன்.

முதலில் சட்டத்தைக் காண்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கை மண்ணில் பிறந்த ஒருவர் வழிவழிக் குடிமகனாக வேண்டுமானால், அவர் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவுகளே அரிதாயிருந்த தோட்டத்து மக்கள் பாட்டனின் பிறப்புக்குச் சான்று தேடி எங்கே போவது? குறளில் ஒழுக்கத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட குடிமை, இங்கே வெறும் வமிசாவளிக் கணக்காகிவிட்டது. அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானியருக்கென ஒரு பதிவுச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது வசித்ததைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஊர் சென்று தங்கியிருந்தால் இழை அறுந்தது. ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். வாக்குரிமையும் 1949இலேயே பறிபோயிற்று.

இச்சட்டத்திற்கு முற்பட்ட உலகைக் காண விழைவோர் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தல் வேண்டும். 1935இல் மணிக்கொடியில் வந்த நெடுங்கதை அது. இலங்கையைக் கண்ணாற் காணாத எழுத்தாளர், திருநெல்வேலிச் சீமை மருதியைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, அங்கே அவள் படும் இழிவுகளை ஈவிரக்கமின்றிக் காட்டினார். ஆனால் அக்கதையில் இல்லாத ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கடலைக் கடப்போரை யாரும் 'நீ எந்நாட்டவன்' என்று கேட்பதில்லை. வறுமையும் கங்காணியும் வெள்ளைத் துரையும் உண்டு. நாடு என்னும் பேச்சே இல்லை. வாசவன்பட்டியும் தேயிலைத் தோட்டமும் ஒரே துயரத்தின் இரண்டு அறைகளாய் இருக்கின்றன. அதற்குப் பின் பதின்மூன்றே ஆண்டுகளில் அவ்விரண்டு அறைகளுக்கும் நடுவே சுவர் எழும்பிற்று.

அச்சுவர் எழுந்தபின் எழுதியவர்களுள் தலையாயவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவரை வெறும் எழுத்தாளராக மட்டும் கொள்வது தவறாகும். 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். அவரைத் தேர்ந்தனுப்பிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் இல்லை. தம் வாக்காளர்கள் தம் கண்முன்னே மறைந்துபோகக் கண்ட வேறொரு நாவலாசிரியர் தமிழில் உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன். அவருடைய நூல்களில் 'வீடற்றவன்' என்றொரு நாவல், 'நாடற்றவர் கதை' என்றொரு வரலாற்று நூல். இவ்விரு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் பயன் தரும். தோட்டத்தில் சங்கம் அமைக்க முயன்ற ஒரு தொழிலாளி, அதன் பொருட்டே வேலையை இழக்கிறான். வேலையோடு லயத்துக் காம்பராவும் போகிறது. தோட்டத்தில் வீடு என்பது கூலியின் ஒரு பகுதி. பேர் பதிந்தவனுக்கே கூரை. வேலை போனால் கூரை போம்; கூரை போனால் இடையறாத வசிப்பைக் காட்டும் சான்றும் உடன் போம். வீடிழப்பும் நாடிழப்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை அந்நாவல் விளக்கவுரையின்றிச் சொல்கிறது. தொழிற்சங்க மேடையின் குரல் அதில் அங்கங்கே தலைகாட்டாமல் இல்லை. அதனைக் குறையெனச் சொல்வோர் சொல்லட்டும். அக்குரலைத் தவிர வேறு குரல் அம்மக்களுக்கு அன்று எங்கே இருந்தது?

அவர் தொகுத்த தோட்டப் பாடல்களையும் இங்கே சேர்த்துக் கருதவேண்டும். கண்டிச்சீமைக்கு வந்த கதையையும் பெரட்டுக்குப் போகும் விடியலையும் பாடிய அம்மக்கள், தாளின் ஆட்சியை முன்பே அறிந்தவர்கள். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றில் சேரக் கங்காணி வழி பெறவேண்டிய 'துண்டு' அவர்கள் தலைவிதியாய் இருந்தது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1940இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகமோ, இலங்கையில் இந்தியர் நிலைமையைப் பாமரர் வாயில் ஏறும் மெட்டுகளில் எடுத்துரைத்தது. அரசுக்கு எழுதிய விண்ணப்பம் எடுபடாத இடத்தில், மக்களை நோக்கிப் பாடிய விண்ணப்பம் அது எனலாம்.

விண்ணப்பம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே கையாள்கிறேன். இராமலிங்க அடிகளுக்கு 'விண்ணப்பக் கலிவெண்பா' என்றொரு நூலே உண்டு. நம் மரபில் விண்ணப்பம் என்பது இறைவன்முன் நெஞ்சைத் திறப்பது; அங்கே கேள்விகள் இல்லை. குடியுரிமை விண்ணப்பமோ கேள்விகளால் ஆனது. எங்கே பிறந்தாய், எந்நாளில் வந்தாய், தந்தை யார், எத்தனை மாதம் வெளியே இருந்தாய் என்று அது கட்டம் கட்டிக் கேட்கும். வாழ்ந்த வாழ்க்கை அக்கட்டத்துள் அடங்காது. அடங்காத அந்தப் பகுதியே மலையகப் புனைகதையின் இடம். அவற்றை ஒப்பாரி என்று படிப்போர் இதைத் தவறவிடுகிறார்கள். அவை வாக்குமூலங்கள், அலுவலர் கேட்க மறந்த கேள்விகளுக்கான விடைகள்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்ற சிறுகதை இதற்கு எடுத்துக்காட்டு. நிலையாக வசித்தாயா என்று சட்டம் கேட்கிறது. வசித்த இடம் எத்தகையது என்று ஜோசப் காட்டுகிறார். ஒரே காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் படுத்துறங்க வேண்டிய நெருக்கம். அவ்விருளில் குடும்பத் தலைவனுக்கு நேரும் தடுமாற்றம். அதன்பின் அவனைத் தின்னும் வெட்கம். நாடு, சட்டம், அமைச்சர் எதுவும் பேசப்படவில்லை. ஆயினும் குடியுரிமை பற்றி எழுதப்பட்ட எந்த அரசியற் கட்டுரையைவிடவும் இக்கதை என்னை அதிகம் உறுத்துகிறது. அவருடைய 1979ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் சுதந்திரப் பள்ளு நினைவுக்கு வராமல் இத்தலைப்பைப் படிக்க இயலாது. பாரதி, வாழும் நாட்டைத் தம்முடையது என உரிமை கூறி முடிக்கிறார். ஜோசப்போ உரிமை கூறும் சொல்லுக்கு முன்பே நிறுத்திக்கொள்கிறார். அந்த நிறுத்தத்தில் ஒரு மக்களின் முப்பதாண்டு இருக்கிறது. 2022இல் மறைந்த அவரை நம் பக்கத்து வாசகர்கள் இன்னும் போதிய அளவு படிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த முப்பதாண்டுகளின் நடுவில் நிகழ்ந்தது 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம். ஸ்ரீமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கு: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஏழு பேர் கடல் கடந்தால் நால்வருக்கு இங்கே குடியுரிமை என்ற விகிதம் வேறு. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வெளிவந்ததும் அதே 1964இல்தான். பிழைப்புத் தேடி வந்து தோட்டத்தில் வேரூன்றியோரின் கதையை ஒருவர் எழுதி முடித்த ஆண்டில், அவ்வேரை எண்ணிக்கையால் அளந்து பிடுங்க இரு அரசுகள் உடன்பட்டன. மக்களின் விருப்பம் எப்பக்கம் இருந்தது என்பதற்கு விண்ணப்பங்களே சான்று. இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கிய தொகையை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டோரோ ஒதுக்கியதைவிட மிகப் பலர். எஞ்சியோர்க்கு 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் வழிசெய்தன. இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிய இந்திய வமிசாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களைக் கருதுமாறு 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்ல நேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கணக்கில் கொண்ட நாடுகளுள் இலங்கை இல்லை.

இன்று நம் வீடுகளில் குடியுரிமை என்ற பேச்சு எழுவது வேறொரு சூழலில். கடல் கடந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகலாமா வேண்டாமா என்பதே அது. அங்கும் பழைய சுவர் இருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இந்தியர் அங்கே குடியுரிமை பெறும் வழி திறந்தது. வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அதைப் பெற்றார். உறுதிமொழியில் பழைய நாட்டின் பற்றுறுதியைத் துறப்பதாகச் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005 முதல் வழங்கும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை வந்து தங்க உதவும், வாக்களிக்க உதவாது. அந்த மண்டபத்தில் வலக்கையை உயர்த்தும்போது ஒருவன் நெஞ்சில் நிகழ்வது நாவலுக்குரிய பொருள். ஆனால் நம் அமெரிக்கக் கதைகள் பெரிதும் விருந்தாளியின் கதைகளாகவே இருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறந்ததாகிய அசோகமித்திரனின் 'ஒற்றன்' கூட அயோவாவில் சில மாதம் தங்கிய எழுத்தாளனின் பார்வைதான். திரும்பிப்போகும் சீட்டு அவன் பையில் இருக்கிறது. விருப்பத்தால் நாடு மாறுபவனுக்கும், நகராமலே நாடிழந்தவனுக்கும் இடையே பெரும் வேற்றுமை உண்டு. முன்னவனின் மனப்போராட்டத்தை எழுதத் தமிழில் இன்னும் ஒரு வேலுப்பிள்ளை வரவில்லை.

விண்ணப்பத்தின் வடிவையே புனைவாக்கியவர் ஷோபாசக்தி. அவருடைய 'கொரில்லா' (2001) பிரான்சில் அடைக்கலம் கேட்கும் மனுவோடு தொடங்குகிறது. அலுவலர் நம்பத்தக்க மொழியில் ஒருவன் தன் கதையைச் சொல்ல, வாசகர் நம்பத்தக்க மொழியில் நாவல் அதையே மறுபடி சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடே நூலின் சுவை. மலையக எழுத்தாளர்கள் மறைமுகமாய்ச் செய்ததை அவர் வெளிப்படையாய்ச் செய்தார் என்று நான் கொள்கிறேன்.

இவ்வளவுக்கும் இடையில் நம் சங்க மேடைகளில் இப்பொருள் எழும்போதெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டின் முதலடியைச் சொல்லிக் கைதட்டு வாங்கி அமர்ந்துவிடுவர். அப்பாட்டு உலகக் குடியுரிமைச் சான்றிதழ் அன்று. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்றும், ஆற்றுநீரில் போகும் தெப்பம்போல் உயிர் ஊழ்வழிப் போகும் என்றும், ஆதலின் பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்றும் அது விரிகிறது. தெப்பத்தில் போகிறவனின் அமைதி அது. தலைமன்னாரில் கப்பலேறியவனிடம் அந்த அடியை ஆறுதலாகச் சொன்னால், தீமை பிறர் தந்ததன்று என்னும் அடுத்த அடியையும் அவனிடம் சொல்ல வேண்டிவரும். அதற்குத் துணிவோர் யார்?

அவ்வாறு கப்பலேறி, மண்டபம் முகாம் வழியே வந்தோருள் சிலர் நம் கர்நாடகத்திலேயே இருக்கின்றனர். தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில் வனவளர்ச்சிக் கழகத்தின் இரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். இந்தியக் குடியுரிமையைக் கையில் பெற்றே வந்தவர்கள். வந்த பின்னும் சாதிச் சான்றிதழ் போன்றவற்றுக்காக நெடுநாள் அலைய நேர்ந்தவர்கள். தேயிலைக் கொழுந்து பறித்த கை பால்வெட்டப் பழகிற்று. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பள்ளிமொழி கன்னடம். 'துன்பக்கேணி'யின் தோட்டம் கடலுக்கு அப்பால் இருந்தது. இவர்களுடைய தோட்டம் பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. அவர்கள் கதையை அவர்களுள் ஒருவரே எழுதும் நாளில் அது கன்னடத்தில் வெளிவருவதே இயல்பு. அதைத் தமிழில் பெயர்க்க இருமொழியும் அறிந்த ஸ்ரீராம்புரத்தாரைவிட ஏற்றவர் யாவர்?