வால் நீட்டும் எழுத்து

எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் படையில் வரைபடம் வரைபவராக இருந்தவர். 1944-இல் தன் குறிப்பேட்டில் அவர் எழுதிப் பார்த்த சாய்வெழுத்துதான், 1998-இல் லினோடைப் நிறுவனம் வெளியிட்ட ஸாப்ஃபினோ எழுத்துருவுக்கு விதை. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் பெரும்பாலும் தன் கட்டைக்குள் அடங்க வேண்டும். ஸாப்ஃபினோவைப் போல் தாராளமாக வால் நீட்ட அங்கே இடமில்லை. அந்த வேலியைக் கணினிதான் எடுத்தது.

இந்த எழுத்துருவின் சிறிய 'எஃப்' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே கொக்கியாக வளைந்து, வரிக்குக் கீழே வெகுதூரம் இறங்குகிறது. இறங்கும்போதே கோடு தடித்து மெலிகிறது. பேனா முனை திரும்பும் இடம் தெரிகிறது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களும் உண்டு. ஒரு சொல்லில் இரண்டு முறை வந்தாலும் அச்சடித்தாற்போல் இல்லாமல், கையால் எழுதிய உயிர்ப்போடு நிற்கும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

அழைப்பிதழ் வடிவமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயருக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், மேலும் கீழும் நிறைய இடம் விடுங்கள். முகவரிக்கு வேண்டாம்.