ஒரே பாசி, ரெண்டு நோய்: பைட்டால் ஆய்வுகளைப் படித்தபோது

போன மாசம் தங்கச்சிமடத்திலிருந்து மச்சான் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சை லேபிள் ஒட்டிய கேப்சூல் டப்பா. "கேன்சர், ஞாபக மறதி ரெண்டுக்கும் கடல்பாசி. பல்கலைக்கழக ஆய்வில் நிரூபணம்" என்று போட்டிருந்தது. கீழே அவர் கேள்வி: "மாப்ள, அம்மாவுக்கு வாங்கவா? ரெண்டாயிரத்துச் சொச்சம் சொல்றாய்ங்க."

அத்தைக்கு ரெண்டு வருஷமாக மறதி. சாப்பிட்டோமா இல்லையா என்பதே நிற்பதில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் மூழ்கி மரிக்கொழுந்து பாசி எடுத்தவர். இன்னைக்கும் ஒரு பிடி பாசியைக் கையில் கொடுத்தால் இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப்பாசி, இது கட்டக்கோரை என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் எடுத்த பாசி மதுரைப் பக்கம் அகர் கம்பெனிகளுக்குப் போனது. இப்போது அதே பாசி மருந்தாகி அவரிடமே திரும்பி வருகிறது என்றால், அந்த "நிரூபணம்" என்ன என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆய்வுத் தாள்களை எடுத்து உட்கார்ந்தேன்.

ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறைப் பேராசிரியர் காசி பாண்டிமா தேவியும் அவரது மாணவர்களும் பல வருஷமாக மன்னார் வளைகுடாப் பாசிகளை வைத்து அல்சைமர் பக்கமும் புற்றுநோய் பக்கமும் வேலை செய்கிறார்கள். மரிக்கொழுந்தின் அறிவியல் பெயர் ஜெலிடியெல்லா அசிரோசா. அதன் சாறு மூளையைப் பாதிக்கும் பீட்டா அமிலாய்டு துண்டின் நச்சை எலியில் குறைக்கிறது என்று 2017-ல் ஒரு தாள். 2018-ல் பைட்டால் என்ற மூலக்கூறு ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய்ச் செல்களைத் தற்கொலை செய்ய வைக்கிறது என்று இன்னொன்று. 2019-ல் பதைனா என்ற பழுப்புப் பாசியும் அதிலுள்ள ஆல்ஃபா பிசாபொலாலும் நரம்புச் செல்களையும் புழுக்களையும் காப்பாற்றுகின்றன என்று மற்றொன்று. 2020-ல் நானோ துகளில் அடைத்த பைட்டால் அதே வேலையைச் செய்கிறது என்று ஒரு தாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் பாசி ஆய்வுகளில் பெரும்பாலானவை சாற்றைச் செல் தட்டில் ஊற்றி, எத்தனை செத்தது என்று எண்ணி, "சிறந்த மருந்து வாய்ப்பு" என்று முடித்துவிடும். இந்தக் குழு அதோடு நிற்கவில்லை. சாற்றைப் பிரித்து, பிரித்ததைச் சோதித்து, உள்ளே இருக்கிற மூலக்கூறு எது என்று பெயர் சொல்லும் வரை போயிருக்கிறார்கள். தட்டிலிருந்து புழுவுக்கும் எலிக்கும் போயிருக்கிறார்கள். பெரிய நகரத்து நிறுவனங்களின் வசதி இல்லாமல் இதைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

என் சங்கடம் அந்த மூலக்கூறு தெரிந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பைட்டால் என்பது வேறொன்றும் இல்லை, பச்சையத்தின் வால். முருங்கைக்கீரையிலும் அருகம்புல்லிலும், பச்சையாக இருக்கிற எல்லாவற்றிலும் உண்டு. ஆல்ஃபா பிசாபொலால் சீமைச்சாமந்தி எண்ணெயில் ரொம்ப காலமாகத் தெரிந்த பொருள், முகக்கிரீம்களில் போடுகிறார்கள். அப்படியென்றால் மரிக்கொழுந்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது? தலைப்பில் மன்னார் வளைகுடா இருக்கிறது, விடையில் அது கரைந்துபோய்விடுகிறது. இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ரெண்டாவது சங்கடம் கொஞ்சம் ஆழமானது. புற்றுநோய் என்றால் சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுவது. அல்சைமர் என்றால் வாழ வேண்டிய செல் செத்துப்போவது. ஒரே பைட்டால் ஒரு தாளில் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைத்துச் சாகடிக்கிறது, இன்னொரு தாளில் செல் சாவதைத் தடுக்கிறது. இது பொய் என்று சொல்ல வரவில்லை. அளவு மாறினால், செல் மாறினால் விளைவும் மாறும். இந்த ரெண்டு நோய்களும் எதிரெதிர்த் துருவங்கள் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2012-ல் சொன்னது: புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பின்1 என்ற நொதி பல புற்றுநோய்களில் கூடியும் அல்சைமர் மூளையில் குறைந்தும் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் ஏறுகிற ஏற்றக்கட்டை மாதிரி.

அதனால்தான் ரெண்டுக்கும் ஒரே மருந்து என்கிறவர்கள் கூடுதலாக விளக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு வேடிக்கை பாருங்கள். இந்தத் தாள்களில் "நரம்புச் செல்" என்று வருவது நியூரோ-2ஏ. அது எலியின் நரம்புப் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த செல் வரிசை. அதாவது ஒரு தாளில் ஒரு புற்றுச் செல்லைக் கொன்றோம், இன்னொரு தாளில் இன்னொரு புற்றுச் செல்லைக் காப்பாற்றினோம்! இது இந்தக் குழுவின் தவறு மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், வளர்ப்பது சுலபம். ஆனாலும் ஒரே தட்டு வரிசையில், ஒரே அளவில், ஏ549, நியூரோ-2ஏ, சாதாரண நுரையீரல் செல், கட்டியிலிருந்து வராத நரம்புச் செல் நாலையும் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். நான் படித்த தாள்களில் அப்படி ஒரு ஒப்பீட்டைக் காணவில்லை.

கேப்சூல் விற்கிறவருக்கு இது எதுவும் வேண்டியதில்லை. அவருக்கு ரெண்டு தாளின் தலைப்பும் போதும். அவர் மறைப்பது இது: பாசியைப் பொடியாக்கித் தின்றால் பைட்டால் பச்சையத்தோடு ஒட்டியே கிடக்கும், மனிதக் குடல் அதைப் பிரித்தெடுப்பது ரொம்பக் குறைவு. தனியாகப் பிரித்த பைட்டாலை உடம்பு ஃபைட்டானிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலத்தைச் சிதைக்க முடியாத ரெஃப்சம் என்ற அபூர்வப் பரம்பரை நோய்க்காரர்களுக்கு அது சேர்ந்து நரம்பையே கெடுக்கும். நரம்பைக் காக்கும் என்று சொல்கிற மூலக்கூறுக்கு இந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது.

கடலிலிருந்து வந்த இதற்கு முந்தைய கதைகளும் ஆறுதலாக இல்லை. பிரையோஸ்டேட்டின் என்ற பொருளை முதலில் புற்றுநோய்க்குப் பார்த்தார்கள். சுமார் 14 டன் பாசி விலங்கிலிருந்து கிடைத்தது வெறும் 18 கிராம். புற்றுநோயில் பலிக்காமல் அதையே அல்சைமருக்குத் திருப்பினார்கள், அங்கேயும் சோதனைகள் கைகொடுக்கவில்லை. பழுப்புப் பாசியின் சர்க்கரையிலிருந்து செய்த ஜிவி-971-க்குச் சீனா 2019 நவம்பரில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. உலக அளவிலான சோதனை 2022-ல் பாதியில் நின்றது. நம்ம கட்டக்கோரையும் பழுப்புப் பாசிதான், அதனால் அந்தச் செய்தியை அப்போது ரொம்ப ஆவலாகப் பின்தொடர்ந்தேன்.

காரைக்குடி ஆய்வைக் கைவிடச் சொல்லவில்லை. அடுத்த படி மருந்து என்று தலைப்பில் எழுதும் முன், சாதாரணச் செல்லோடும் முருங்கைக்கீரைச் சாற்றோடும் ஒப்பிட்டால் மரிக்கொழுந்தின் பங்கு தனியாகத் தெரியும். தெரியாமலும் போகலாம், அதுவும் ஒரு முடிவுதான்.

மச்சானுக்குப் போன் போட்டு, வாங்க வேண்டாம் என்றேன். "அப்ப டாக்டர் குடுத்த மாத்திரை?" என்றார். அது டொனிபெசில். நோயைக் குணப்படுத்தாது, ஆனால் மனுஷங்களிடம் சோதித்துப் பார்த்தது, நிறுத்தாதீங்க என்றேன். சரி என்றார். ராத்திரி மறுபடி கூப்பிட்டார். "அம்மாகிட்ட சொன்னேன் மாப்ள. மரிக்கொழுந்துலயா மருந்துன்னு சிரிச்சுச்சு. இப்ப கிலோ என்ன வெலைக்கு எடுக்கிறாய்ங்கன்னு கேட்டுச்சு."