காளையைச் சுட்டது ஏன்?

எழுமலையில் மாலைதோறும் நாங்கள் சிலர் கூடிப் படிப்பதுண்டு. கதை ஒன்று முடிந்ததும் இளந்தோழர்கள் கேட்கும் முதற்கேள்வி, "இதில் கருத்து என்ன?" என்பதே. நல்ல கேள்விதான். ஆனால், அந்தக் கருத்து கதையில் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால், உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்! பானையின் அடியில் வெல்லக்கட்டி கிடக்கும் என்று பாயசத்தைத் துழாவுவோரைப் போல!

அவர்களோடு சேர்ந்து படிக்க நான் எடுத்துச் சென்ற நூல் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959இல் நூலாக வெளிவந்த குறுநாவல். "அவர் மணிக்கொடிக்காரர், காந்தியவாதி ஆயிற்றே! நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லரே!" என்று ஒரு தோழர் முகம் சுளித்தார். ஆகட்டும். காளையை அடக்கியவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டுவிட்டா கூட்டம் ஆரவாரிக்கிறது?

கதை மிகச் சிறிது. செல்லாயி சல்லிக்கட்டுக்கு உசிலனூரிலிருந்து பிச்சி வருகிறான். மச்சான் மருதன் உடன் வருகிறான். காரி என்னும் ஜமீன் காளை, பிச்சியின் தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த காளை. அதைப் பிச்சி அடக்குகிறான், தானும் குத்துப்படுகிறான். ஜமீன்தார் தம் காளையைச் சுட்டு வீழ்த்துகிறார். இவ்வளவே!

காளை வந்தது, இளைஞன் பிடித்தான் என்றால் அது செய்தி. தந்தையைச் சாய்த்த காளை வந்தது, ஆகவே மகன் பிடித்தான் என்றால் அது கதைப் பின்னல். 'ஆகவே' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது வேறுபாடு. ஆங்கிலத் திறனாய்வாளர் ஃபார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு நூலில் காட்டிய வேறுபாடும் இதுவே. பகுத்தறிவாளர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நம் பழங்கதைகள் பலவற்றில் காரணம் கேட்டால், 'ஊழ்' என்று விடை வரும். முற்பிறவியின் வினையாம், முனிவரின் சாபமாம்! வாடிவாசலிலோ ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காரணம் மனிதனிடமே இருக்கிறது. பிச்சியின் வஞ்சினம், ஊராரின் எதிர்பார்ப்பு, ஜமீன்தாரின் செருக்கு ஆகிய மூன்றுமே கதையை நடத்துகின்றன. செல்லாயி கோவிலின் பெயரால் விழா நடக்கிறது. ஆனால் செல்லாயி எதையும் முடிவு செய்யவில்லை!

களம், காலம் என்பவை மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தன என்று எண்ண வேண்டா. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே வகுத்தது தொல்காப்பியம். ஒரு திடல், ஒரு பிற்பகல், திட்டிவாசலை நோக்கி நிற்கும் கூட்டம். அதற்கு வெளியே கதை போகவே இல்லை. தந்தையின் முன்கதைகூட, அத்திடலில் நிற்கும் கிழவர் பாட்டையாவின் பேச்சினூடே வந்துவிடுகிறது. அந்தப் பேச்சும் இவ்வட்டாரத்துப் பேச்சு. நம் கதைகளில் ஏர் பிடிப்பவன்கூட அடுக்குமொழியில் பேசுகிறானே, ஏன்?

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் காளை செய்த குற்றம் என்ன? தோற்றது! அதன் திமில் ஜமீனின் திமில். அதன் தோல்வி ஜமீனின் மானக்கேடு. ஒரு வாயில்லா உயிரும் தன் பெருமைக்காகவே வாழ வேண்டும், தன் பெருமை போனால் சாக வேண்டும் என்று நினைப்பதுதான் ஆண்டைத்தனம். ஜமீன்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அந்த மனநிலை எப்படிப்பட்டது என்பதை ஒரு துப்பாக்கி ஓசையில் காட்டிவிடுகிறார் செல்லப்பா. 'ஜமீன்தார் கொடியவர்' என்று அவர் ஓரிடத்திலும் முழங்கவில்லை.

குறையே இல்லையா? உண்டு. பெண்குரல் ஏறக்குறைய இல்லை. அம்புலியின் மனைவி அன்று வீட்டில் என்ன நினைத்திருப்பாள்? வீரத்தின் விலையைச் செலுத்துபவள் அவளன்றோ! அந்த வாசலை ஆசிரியர் திறக்கவே இல்லை.

நம்மவர் கதையிலும் இந்தத் திறம் உண்டு. அண்ணாவின் 'செவ்வாழை'யை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோடன் வீட்டுப் பிள்ளைகள் நாளெண்ணிக் காத்திருந்த குலை பண்ணையார் வீட்டுக்குப் போகிறது. அப்பழத்தைக் கடையில் கண்ட சிறுவன் காசு போதாமல் திரும்புகிறான். பொருளாதாரப் பாடம் முழுவதும் அந்தச் சிறுவனின் கையிலுள்ள காசில் இருக்கிறது. ஆயின், அண்ணாவின் நடையைப் பின்பற்றியோர் பலர் அடுக்குமொழியை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காசை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பலரில் நானும் ஒருவன். சென்ற ஆண்டு நான் எழுதிய கதையில் கூலி குறைக்கப்பட்ட உழவன் இரண்டு பக்கம் பேசினான். வாடிவாசலை முடித்த இரவு அந்தப் பேச்சை முழுதும் அடித்துவிட்டேன். இப்போது அவன் களத்துமேட்டில் நின்று நெல்லை அளந்து பார்க்கிறான். மீண்டும் அளந்து பார்க்கிறான். அதற்குமேல் அவனை என்ன செய்யவிடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.