வடபுலத் திரையில் அயலவர் முகம்

குற்றவாளி யார் என்று கேட்பது துப்பறியும் கதை. அதனினும் உயர்ந்த கதை, அக்குற்றத்தை விளைவித்த சமுதாயம் எத்தகையது என்றும் கேட்கும். சுவீடன் நாட்டின் மாய் ஷோவால், பெர் வாலூ இருவரும் 1965 முதல் 1975 வரை இணைந்து எழுதிய பத்து நாவல்கள், இந்த இரண்டாம் கேள்வியை வடபுலக் குற்றக் கதைகளின் மரபாக்கின. அம்மரபில் வந்த டேனிஷ் திரைப்படம் 'ஜர்னல் 64'. யூஸி ஆட்லர் ஓல்சனின் நாவலைத் தழுவி, கிறிஸ்டோஃபர் போவின் இயக்கத்தில் 2018-இல் வெளிவந்தது. பிறந்த மண்ணை விட்டுப் பிற மண்ணில் வாழும் நம் போன்றோர் தனிக் கவனத்துடன் நோக்கத்தக்க படம் இது.

கோபன்ஹேகன் நகரக் குடியிருப்பு ஒன்றில், போலிச் சுவரின் பின்னே, மேசையைச் சுற்றி மூன்று பிணங்கள் உலர்ந்த நிலையில் அமர்ந்திருக்கின்றன. நான்காம் இருக்கை வெறுமையாக உள்ளது. அது யாருக்கென ஆராயும் காவலர் இருவர்: டேனியனான கார்ல், அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறிய அசாத். ஆராய்ச்சி அவர்களை ஸ்ப்ரோகோ தீவின் பழங்கதைக்கு இட்டுச் செல்கிறது.

அத்தீவு கற்பனையன்று. 'ஒழுக்கம் கெட்டவர்', 'அறிவு குன்றியவர்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் 1923 முதல் 1961 வரை அங்கே அடைத்து வைக்கப்பட்டனர். கருத்தடை அறுவைக்கு உடன்படுவதே அவர்களுள் பலருக்கு விடுதலையின் விலையாயிற்று. அத்தகைய அறுவைக்கு இடமளித்த சட்டத்தை டென்மார்க் 1929-இல் இயற்றியது. இன்று ஸ்டோர்பெல்ட் நீரிணையைக் கடக்கும் பெருவழி அத்தீவின் மீதே செல்கிறது. வண்டிகள் நில்லாது விரைகின்றன.

படம் பழைய கொடுமையோடு நிற்கவில்லை. குடியேறிய குடும்பத்துப் பெண்களுக்கு அதே கொடுமை இன்று அவர்கள் அறியாமலே இழைக்கப்படுவதாகக் கதை புனைகிறது. தன் வீட்டு எளியவரைத் தகுதியற்றவர் என ஒதுக்கிய கை, பின்னர் வந்த அயலவர் மீதும் எளிதாக நீள்கிறது என்பதே இதன் உட்பொருள். இவ்விரு துன்பங்களையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டியது படத்தின் துணிவு எனலாம்.

அசாத்தின் வார்ப்பும் போற்றத்தக்கது. பிறமொழித் திரையில் அயலவன் கோமாளியாகவோ கொடியவனாகவோ வருவதே பெருவழக்கு. 1968-இல் வந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த தென்னாட்டு இசையாசிரியரை நம்முள் மூத்தோர் மறந்திரார். லெபனானில் பிறந்து சுவீடனில் குடியேறிய ஃபாரெஸ் ஃபாரெஸ் நடித்துள்ள அசாத் அவ்வகையினன் அல்லன். அறிவும் அறச்சினமும் நகைச்சுவையும் உடைய முழு மனிதன். அவன் வேறு பிரிவுக்கு மாறிச் செல்லவிருக்கையில், தன் இழப்பை வாய்விட்டுச் சொல்ல மாட்டாமல் கார்ல் அலட்சியம் காட்டுகிறான். வந்தவரின் உழைப்பை ஏற்று, அவர் அருமையை மட்டும் சொல்லத் தயங்கும் ஒரு நாட்டின் மௌனத்தையே அதில் காண்கிறோம்.

குறைகளும் உள. நெதே என்னும் டேனியப் பெண்ணின் இளமை, காதல், சினம் யாவும் காட்சி காட்சியாக விரிகின்றன. இன்றைய கொடுமைக்கு ஆளான நூர் என்னும் பெண்ணின் வாழ்வோ அவ்விரிவு பெறவில்லை. அவள் துன்பத்தை அறிகிறோமேயன்றி அவளை அறிந்தோமில்லை. மேலும், ஸ்ப்ரோகோவில் நடந்தது சட்டம் அறிய, நாடறிய நடந்தது. இன்றைய கொடுமையையோ படம் ஒரு கள்ளக் கூட்டத்தின் சதியாக்கி விடுகிறது. சதிகாரர் அகப்பட்டதும், தம்மேல் பழியில்லை என்ற நிறைவோடு காண்போர் எழுந்து செல்லலாம். மரபு தந்த இரண்டாம் கேள்வி அங்கே தளர்கிறது.

அயலவனைத் துப்பறிவோனாக உயர்த்தியது ஒரு நற்படி. நூர் போன்றோர் தம் கதையைத் தாமே சொல்லும் படம் வருமாயின், அக்கேள்வி முழுமை பெறும். அதனையே நாம் எதிர்நோக்குகிறோம்.